கற்பூர வாக்குமூலம்

1

மாரியம்மன் கோயிலுக்குள் போன் அடித்தது.

பூசை நடக்கிற நேரம்...

யாரும் முறைக்கவில்லை. இலங்கை நாவலமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்து வரிசைவீட்டு ஜனம் முழுக்க அந்த ஒரு அழைப்புக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை வேலைகளை எல்லாம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

தோட்டத் தலைவர் பிரேமச்சந்திரன் போனை எடுத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தொழிற்சங்கத்துக்கு அவர்தான் தலைவர். புருசன் பெண்சாதிச் சண்டைக்கும் அவர்தான் தலைவர். போனை அம்மன் படியில் ஒரு தேங்காய் மேல் சாய்த்து வைத்தார்.

திரையில் ஒரு முகம்.

மழித்த தலை. பின்னால் வெளிறிய சுவர். வளைகுடாவில் ஒரு நாட்டுச் சிறைச்சாலை.

அவன் சதீஸ்குமார். தலைவரின் கூடப்பிறந்த தம்பி. அந்த நாட்டில் ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவர். அதே வீட்டில் வேலைக்குப் போயிருந்த சுபாஜினி மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தாள். தள்ளியது இவன்தான் என்று வழக்கு.

"பூசாரி, கற்பூரத்த ஏத்துங்க," என்றார் தலைவர்.

பூசாரி அழகையா ஏற்றினார்.

"சொல்லுடா தம்பி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

திரையில் உதடு அசைந்தது. சத்தம் ஒரு நொடி பிந்தி வந்தது.

"நான்தான்... நான்தான் சுபாஜினிய மாடியில இருந்து தள்ளி விட்டேன். கோவத்துல தள்ளிட்டேன். அம்மன் சத்தியமா என் தப்புதான். என்னைய மன்னிச்சிருங்க சின்னம்மா."

சின்னம்மா என்று அவன் அழைத்தது முன்வரிசையில் இருந்த ஜெயலெட்சுமியை. கொழுந்து பறிக்கிறவள். புருசன் இல்லாதவள். செத்துப்போன சுபாஜினியைப் பெற்றவள்.

லயமே அவளைப் பார்த்தது.

பெற்ற வயிறு... கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், போனைப் பிடுங்கி உடைப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அவள் தலையே நிமிரவில்லை. யாரோ தன் சேலையைப் பிடித்து இழுப்பதுபோல முந்தானையை இறுக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்," என்றாள் அவசரமாக.

அவ்வளவுதான்!

கற்பூரம் எரிந்து முடிந்தது. தலைவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கற்பூரம் அடிச்சாச்சு, சத்தியம் முடிஞ்சிருச்சு. நம்ம வழக்கம் எல்லாத்துக்கும் தெரியும். இனிமே இந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா அம்மன் கேப்பா."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்று மத்தியானமே தலைவரின் வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு. அந்த நாட்டு நீதிமன்ற அதிகாரி ஒருவர், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரே கேள்வி. தாயார் மன்னிக்கிறாரா? ஜெயலெட்சுமி அதே சொல்லை இன்னொரு முறை சொன்னாள்.

அந்த நாட்டுச் சட்டத்தில் கொலைக்கு மன்னிப்பு உண்டு. செத்தவரின் ரத்த உறவு மன்னித்துவிட்டால் கயிறு கழன்றுவிடும். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னாலேயே மன்னிப்பு போய்ச் சேர்ந்ததால் வழக்கையே மூடிவிட்டார்கள். சதீஸ்குமார் விமானம் ஏறினான்.

சரி, பெற்றவள் ஏன் மன்னித்தாள்?

பணமா? ஒரு சதமும் இல்லை.

பயமா? அதுவும் இல்லை.

வெட்கம்.

கோயிலில் கூடுவதற்கு முந்திய வாரம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் தலைவர் அவளைத் தனியாக நிறுத்தினார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பேசினார்.

"ஜெயலெட்சுமி, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. ஒன் மக அங்க தம்பியோட பழகியிருக்கா. வயித்துல வேற வந்திருச்சாம். கட்டிக்கன்னு சண்ட புடிச்சதுலதான் இப்படி ஆயிப்போச்சு."

"ஐயோ... தலைவரே..."

"கேஸ் நடந்தா எல்லாம் வெளிய வரும். பேப்பர்ல போடுவான். பேஸ்புக்ல போடுவான். அப்புறம் நீ இந்த லயத்துல தல நிமிந்து நடப்பியா? மன்னிச்சு விட்டுட்டா விசயம் இதோட முடிஞ்சிரும்."

பத்து மாதம் சுமந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். 'என் புள்ள அப்படியா?' என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பீலியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. 'அவன் வாயால சொல்லணும், அம்மன் முன்னால சொல்லணும்.'

தலைவர் சந்தோசமாகத் தலையாட்டினார். லயத்தையே கூட்டியது அவர்தான். நாளைக்கு ஜெயலெட்சுமி பேச்சு மாறினால் லயமே சாட்சி என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை வாசகர் மறந்துவிட வேண்டாம்.

2

சதீஸ்குமார் ஊர் வந்து சேர்ந்தான்.

பசறையிலிருந்து ஆட்டோ. இரண்டு பெரிய பெட்டி. பத்தடி தூரத்துக்கு அத்தர் வாசம். வந்த மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஜெயலெட்சுமியை நேருக்கு நேர் பார்த்தான்.

"சின்னம்மா, சொகமா இருக்கீங்களா?"

"ம்," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகளைக் கொன்றவன் சுகம் கேட்கிறான். பதில் சொல்லியாயிற்று! அன்று அவள் பறித்த கொழுந்தில் பாதி முற்றிய இலை என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். அவள் காதில் எதுவும் விழவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கறுப்பு அபாயா. கையில் ஒரு பார்சல். பஸ்ஸில் வந்த களைப்பு.

"நீங்கதானே சுபாஜினிட உம்மா?"

"ஆமாங்க. நீங்க யாரும்மா?"

"நான் றுஸைனா. பதுளை. அங்க உங்கட மகளும் நானும் ஒரே வீட்டிலதான் வேல செஞ்ச. ஒரே ரூம்ல படுத்த."

ஜெயலெட்சுமி பதறிப்போய் வாசலின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"உள்ள வாங்க... மெதுவாப் பேசுங்க."

றுஸைனா உட்காரவில்லை.

"நான் ஒரே ஒண்டு கேக்கத்தான் வந்த. ஏன் அவன மன்னிச்சீங்க?"

"அதான்... ஒங்களுக்குத் தெரியாதா? அவ வயித்துல..."

"என்ன வயித்துல?"

"தலைவர் சொன்னாரு. அவனோட பழகி... புள்ள உண்டாகி..."

றுஸைனாவின் முகம் மாறியது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. கோபம் வந்தது.

"யார் சொன்ன? அவன்ட நானாவா?"

"ஆமா... அண்ணங்காரருதான்."

"உம்மா, இங்க பாருங்க. அவன் கதவு தட்டினது எனக்கு. ராவைக்கு ராவைக்குத் தட்டுவான். உங்கட மகள்தான் கதவுக்குக் குறுக்க நின்டா. 'இன்னொரு தரம் வந்தா மேடத்துக்கிட்ட சொல்லுவேன்'ண்டு சொன்னா. அண்டைக்கு அந்தி நேரம் மேடம் மொட்டமாடியில இருக்காண்டு நெனச்சு அங்கதான் ஓடினா. அவனும் பின்னால ஓடினான். மேடம் அங்க இல்ல..."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவளுக்குப் புள்ளயுமில்ல, ஒண்டுமில்ல. எனக்காகத்தான் உம்மா அவ மவுத்தான. நான்தான் பொலிசுக்குச் சொல்லி அவனப் புடிச்சிக் குடுத்த. கேஸ் முடியப் போற நேரம் 'தாய் மன்னிச்சிட்டா'ண்டாங்க. எனக்கு வெளங்கவே இல்ல. என்ன தாயிண்டு ஏசினேன். உங்கள ஏசினேன்."

ஜெயலெட்சுமி தரையில் உட்கார்ந்தாள்.

"ஏசுங்க," என்றாள். "நல்லா ஏசுங்கம்மா. எவனோ ஒருத்தன் வந்து என் புள்ளையப் பத்தி அசிங்கமா சொன்னான். நான் நம்பிட்டேன். அவ செத்ததுக்குக் கூட நான் சரியா அழுகல. லயத்துல யாருக்காச்சும் தெரிஞ்சிருமோன்னுதான் பயந்துகிட்டு இருந்தேன். நானெல்லாம் ஒரு தாயி."

றுஸைனா பார்சலைப் பிரித்தாள். உள்ளே ஒரு சோடி வெள்ளிக் கொலுசு.

"உங்களுக்குண்டு வாங்கி வச்சிருந்தா. என்ட பெட்டியில இருந்த."

அதை வாங்க ஜெயலெட்சுமியின் கை நீளவில்லை. அவ்வளவு வெட்கம் அவளுக்கு.

3

பதுளை பசார் வீதி. புடவைக்கடைக்கு மேல்மாடி. சட்டத்தரணி றுஷ்தியின் அலுவலகம்.

றுஷ்திக்கு நாற்பது வயது. சட்டத்தில் கெட்டிக்காரர். சாப்பாட்டில் அதைவிடக் கெட்டிக்காரர். றுஸைனா ஜெயலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனபோது சீனிப் பணிஸ் ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

முழுக் கதையையும் கேட்டார்.

"ஐயா, நான் மன்னிச்சுட்டேனே," என்றாள் ஜெயலெட்சுமி. "சொன்ன சொல்ல இப்ப எப்படித் திருப்பி வாங்குறது?"

"திருப்பி வாங்க வேணாம். அது அங்கயே கெடக்கட்டும்."

"அப்படின்னா?"

"அந்த நாட்டுல கொலைங்கிறது உங்களுக்குச் செஞ்ச அநியாயம். அதாலதான் உங்களக் கேட்டாங்க. எங்கட நாட்டுல கொலை அரசாங்கத்துக்கே எதிரான குத்தம். கேஸ் போடுறதும் அரசாங்கம்தான். நீங்க ஆயிரம் தரம் மன்னிச்சாலும் இங்கத்த கோட்டுல அது செல்லாது."

றுஸைனா குறுக்கிட்டாள். "கொலை அங்கதானே நடந்த? இங்கத்த கோட்டுக்கு என்ன கெடக்கு?"

"அவன் இலங்கைப் பிரஜைதானே. எங்கட பிரஜை எந்த நாட்டுக்குப் போய்க் கொலை செஞ்சாலும் இங்கத்த ஹைகோட் விசாரிக்கலாம்." றுஷ்தி ஜெயலெட்சுமி பக்கம் திரும்பினார். "பிரஜாவுரிமை கேட்டு உங்கட தோட்டத்து ஆக்கள் எத்தின காலம் அலஞ்சீங்க? கடைசியில கெடச்ச. அந்த உரிமதான் இப்ப இவன்ட கழுத்தப் புடிக்கப் போகுது."

"ஒரே குத்தத்துக்கு ரெண்டு தரம் விசாரிக்க ஏலாதுண்டு சொல்வாங்களே?" என்றாள் றுஸைனா.

"நல்ல கேள்வி. நீங்க ஏன் லோ படிக்கல்ல?" பணிஸ் ஒரு கடி. "சர்வதேச உடன்படிக்கையில அப்பிடி ஒரு வசனம் ஈக்கு. ஒரே வசனம்தான். ஆனா வாசிக்கிறது நாட்டுக்கு நாடு வேற. ஐரோப்பாவுல நெறய நாடு தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டு, ஒரு நாட்டுல முடிஞ்சா மத்த நாடும் கைய எடுக்குது. ஐ.நா.வுல இத வாசிக்கிற குழு, அது ஒரே நாட்டுக்குள்ள மட்டும்தான் செல்லும்ண்டு சொல்லியிருக்கு. சில நாட்டுல உடன்படிக்கையில ஒப்பம் வச்சாலே சட்டம். எங்கட நாட்டுல ஒப்பம் வச்சாப் போதாது, பாராளுமன்றம் தனியாச் சட்டம் போடணும். இதப் பத்திப் பேசிப் பேசியே பல லோயர்மார் வீடு கட்டியிருக்காங்க."

"நீங்க?"

"நான் இன்னம் வாடகை வீடு. ஏன்டா, இவன்ட கேசுல அந்தச் சண்டைக்கே எடமில்ல. அங்க தீர்ப்பு வரவே இல்ல. குத்தவாளிண்டும் சொல்லல்ல, சுத்தவாளிண்டும் சொல்லல்ல. அவசரத்துல தீர்ப்புக்கு முன்னுக்கே மன்னிப்ப வாங்கிட்டான். ஒரு தரமும் முடியாத விசாரணைக்கு ரெண்டாந்தரம் எங்கால?"

ஜெயலெட்சுமியின் முகத்தில் ஒரு வெளிச்சம். றுஷ்தி உடனே கை காட்டி அதை அணைத்தார்.

"பொறுங்க தாயி. சாட்சி வேணும். றுஸைனா, அவன் தள்ளினத நீங்க கண்ணால கண்டீங்களா?"

"இல்ல. கத்தின சத்தம்தான் கேட்ட."

"அது போதாது. அங்கத்த பொலிஸ் சேர்த்த சாட்சியெல்லாம் இங்க வந்து சேர வருசக்கணக்காகும். வராமலும் போகலாம். அவனா ஒத்துக்கிட்டாத்தான் உண்டு. அவன் எங்க ஒத்துக்கப் போறான்?"

"ஒத்துக்கிட்டானே," என்றாள் ஜெயலெட்சுமி.

"யார்க்கிட்ட?"

"அம்மன்கிட்ட."

"அம்மனக் கோட்டுக்குக் கூப்பிட ஏலாதே தாயி."

"நானும் இருந்தேனுங்க. பூசாரி இருந்தாரு. லயமே இருந்துச்சு. அவனே போன்ல வந்து, தள்ளுனேன்னு கற்பூரத்துக்கு முன்னால சொன்னான்."

பணிஸ் கையிலிருந்து விழுந்தது.

றுஷ்தி எழுந்து நின்றார். ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார்.

"அந்த நாட்டுக் கோட் அப்பிடிச் சொல்லச் சொல்லிக் கேட்டதா?"

"இல்லைங்க. அவங்க கேட்டது நான் மன்னிக்கிறேனா இல்லயான்னு மட்டும்தான். இது நம்ம தோட்டத்து வழக்கம்."

"யா அல்லாஹ்... உங்கட வழக்கம் நல்லா இருக்கட்டும்." குரலை இறக்கினார். "ஆனா ஒண்டு. நீங்க ஒராள் மட்டும் சொன்னா, மன்னிச்சவள் இப்ப மாத்திப் பேசுறாண்டு கிழிச்சுப் போடுவாங்க. கேட்ட வேற ஆக்களும் வாய் தொறக்கணும். அதோட, நீங்க ஏன் மன்னிச்சீங்கண்டு கேப்பாங்க. தலைவர் பீலியடியில சொன்ன அந்தக் கதையயும் எல்லாருக்கும் முன்னால நீங்கதான் சொல்லணும். ஏலுமா?"



எந்தப் பேச்சு வெளியே வரக்கூடாது என்று மகளின் சாவையே விட்டுக்கொடுத்தாளோ, அதே பேச்சை அவள் வாயாலேயே கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் அத்தர் பூசிக்கொண்டு திரிவான்.

4

றுஷ்தி எழுதிக் கொடுத்த முறைப்பாட்டை விசாரிக்கப் பசறைப் பொலிஸ் சப்-இன்ஸ்பெக்டர் விதுஷா லயத்துக்கு வந்தாள்.

மெலிந்த உருவம். யாரிடமும் சத்தம் போடாத பெண். சத்தம் போடாததாலேயே ஆட்கள் பயப்படுவார்கள்.

முதல் வீடு.

"அன்னிக்கு நான் கோயில்ல இல்லைங்க மிஸ்."

இரண்டாம் வீடு.

"எனக்குக் காது மந்தம்."

"நான் மெதுவாத்தானே கேட்டேன். பதில் சொல்லிட்டீங்களே?"

"இப்பதான் மந்தமாச்சுங்க."

கடைசி வீடுவரை இதே கதை. கோயிலில் இடமில்லாமல் வெளியே நின்றவர்கள்கூட அன்று வெலிமடைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்களாம்!

பூசாரி அழகையா மட்டும் பொய் சொல்லவில்லை.

"கற்பூரம் அடிச்சிருக்கு மிஸ். பேசக் கூடாது. என்னைய விட்ருங்க." அவர் விதுஷாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜீப்பை நிறுத்திய இடத்தில் இருவர் காத்திருந்தார்கள். தலைவரும் தம்பியும். சதீஸ்குமார் ஜீப்பின் மேலேயே சாய்ந்து நின்றான்.

"மிஸ், ஏன் வீணா அலையறீங்க? எனக்கும் கொஞ்சம் சட்டம் தெரியும். அந்த நாட்டுக்கும் நமக்கும் ஆளப் புடிச்சு அனுப்புற ஒப்பந்தம் கெடயாது. அப்படியே அனுப்புனாலும் அவங்க விட்ட ஆள அவங்களே திரும்ப வாங்குவாங்களா?"

"மாட்டாங்க," என்றாள் விதுஷா.

"அங்க நான் மன்னிக்கப்பட்டவன்."

"ஆமா."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. ஜீப்புல புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு. ஒங்க சட்டையில ஒட்டிரப் போகுது."

அவன் துள்ளி விலகினான்.

ஜீப் போன பிறகு தலைவர் நேரே ஜெயலெட்சுமி வீட்டுக்குப் போனார். உள்ளே நுழையவில்லை. வாசல் நிலையில் கை வைத்துக்கொண்டு பேசினார்.

"பொலிசு வரைக்கும் போயிட்டியா? சரி. நாளைக்கே ஒன் மக வயித்துக் கதைய லயம் லயமாச் சொல்றேன். பசறை வரைக்கும் நாறும். அப்ப எங்கிட்ட வந்து அழுகாத."

அவள் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

5

மறுநாள் காலை. பெரட்டுக்களம்.

வேலைக்குப் போகும் முன் எல்லோரும் கூடுகிற இடம். முதுகில் கூடை, இடுப்பில் சாக்குப் படங்கு. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடத் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா," என்றபடி முன்னால் வந்தாள் ஜெயலெட்சுமி.

கூட்டத்தின் ஓரத்தில் தலைவர் நின்றார். பக்கத்தில் தம்பி.

"எல்லாரும் கேளுங்க. நான் ஏன் அவன மன்னிச்சேன்னு நீங்க யாரும் எங்கிட்டக் கேக்கல. நானே சொல்றேன்."

"ஜெயலெட்சுமி, கற்பூரம் அடிச்ச விசயம்..." தலைவர் பாய்ந்தார்.

"நீங்க இன்னிக்கு லயம் லயமாச் சொல்லப் போறதத்தான் தலைவரே நான் சொல்றேன். ஒங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

யாரோ சிரித்தார்கள். சட்டென்று அடங்கினார்கள்.

 முகம் எரிந்தது. உடம்பில் துணியே இல்லாமல் நிற்பதுபோல இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"என் மக சுபாஜினி இவனோட கெட்டுப் போனான்னு, அவ வயித்துல புள்ள இருந்துச்சுன்னு தலைவர் எங்கிட்ட சொன்னாரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு சொன்னாரு. நான் நம்பி மன்னிச்சேன். அது பச்சப் பொய். கூட வேல செஞ்ச புள்ளையே வந்து சொல்லிருச்சு. ராவுல கதவத் தட்டுன இவன்கிட்ட இருந்து அந்தப் புள்ளையக் காப்பாத்தப் போயித்தான் என் மக செத்துருக்கா."

கணக்கப்பிள்ளை பெயர்ப் பட்டியலை மடித்துக்கொண்டார்.

"எனக்கு என் மகளால வெக்கம் இல்ல. என்னாலதான் வெக்கம். பெத்தவ நானே அவள நம்பல. நீங்க பேசுறதும் பேசாததும் ஒங்க இஷ்டம். நான் பொலிசுல வாக்குமூலம் குடுக்கப் போறேன்."

கூடையை இறக்கி வைத்தாள். திரும்பி நடந்தாள்.

"யாரும் போகக் கூடாது," தலைவர் கத்தினார். "கற்பூரம் அடிச்சிருக்கு. பேசுனா அம்மன் கேப்பா."

"என்னையத்தான் மொதல்ல கேப்பா," என்றது ஒரு குரல்.

பூசாரி அழகையா. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"கற்பூரத்த ஏத்துனது நானு. ஒரு தாய்கிட்டப் பொய்யச் சொல்லி ஏமாத்தி ஏத்த வச்ச கற்பூரம் அது. அதுல என்ன கட்டு இருக்கு? அதத் தெரிஞ்சுக்காம பொலிசுப் புள்ள வந்து கேட்டப்ப வாய மூடிகிட்டு நின்னேனே... எனக்கே கேவலமா இருக்கு. இரும்மா ஜெயலெட்சுமி, நானும் வர்றேன்."

அவருக்குப் பின்னால் ஒருத்தி கூடையை இறக்கினாள். அப்புறம் இன்னொருத்தி.

"எனக்குக் காது கேக்க ஆரம்பிச்சிருச்சுங்க," என்றான் நேற்றைய மந்தக்காரன். குனிந்த தலையோடுதான் சொன்னான்.

பசறைக்குப் போகிற பஸ்ஸில் அன்று நிற்கக்கூட இடமில்லை.

6

வெளிநாட்டில் நடந்த கொலைக்கு இங்கே வழக்குப் போடக் கொழும்பிலிருந்து அரசாங்க அனுமதி வரும்வரை எதுவும் நடக்கவில்லை.

நடக்கவில்லை என்றுதான் சதீஸ்குமார் நினைத்தான். இருந்தாலும் எதற்கு வம்பு? வேறொரு நாட்டில் டிரைவர் வேலை ஒன்றைப் பிடித்துவிட்டான். ஒரு காலையில் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினான். லயமே பார்த்துக்கொண்டு நின்றது.

தெமோதரை ஸ்டேஷன். கொழும்பு ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம். அண்ணனும் தம்பியும் பெட்டிகளோடு பிளாட்பாரத்துக்குள் நுழைந்தார்கள்.

முதல் பெஞ்சில் ஜெயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். காலில் புதுக் கொலுசு.

பக்கத்தில் றுஸைனா. அவளுக்குப் பக்கத்தில் பொலிஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விதுஷா.

"எங்க பயணம்?" என்றாள் விதுஷா.

சதீஸ்குமாரின் கையிலிருந்த பெட்டி கீழே இறங்கியது.

"கொலைக் குற்றம். கொழும்பு சரின்னு சொல்லிட்டாங்க. வாங்க போவோம்."

"நான் மன்னிக்கப்பட்டவன். சின்னம்மா... நீங்களே சொல்லுங்க. மன்னிச்சுட்டேன்னு ரெண்டு தடவ சொன்னீங்களே."

ஜெயலெட்சுமி முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னேன். அங்க என்னையக் கேட்டாங்க, சொன்னேன். இங்க என்னைய யாரும் கேக்கல. நல்லதாப் போச்சு."

விலங்கு மாட்டப்பட்டது. ரயில் வந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அவன் ஏறவில்லை.

ஜீப்புக்கு நடத்திக்கொண்டு போகும்போது சதீஸ்குமாருக்குத் தெம்பு திரும்பிவிட்டது. சிரித்தான்.

"மிஸ், ஒண்ணு சொல்லட்டுமா? பொலிஸ் ஸ்டேஷன்ல வச்சு என்னைய அடிச்சாலும் ஒதைச்சாலும் ஒரு வார்த்த பேச மாட்டேன். அப்படியே பேசுனாலும் பொலிசுக்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. இந்த நாட்டுச் சட்டம் அது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

விதுஷா ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"ரொம்பச் சரி. பொலிசுக்கிட்டச் சொன்னா செல்லாது. ஊர்ச்சனத்துக்கிட்டச் சொன்னா செல்லும். யாரும் மெரட்டாம, நீங்களே விரும்பி, ஒரு கோயில் நெறஞ்ச ஆளுக்கு முன்னால சொல்லியிருக்கீங்க. அதுல முப்பது பேருக்கு மேல வந்து வாக்குமூலம் குடுத்துட்டாங்க."

சிரிப்பு நின்றது.

சதீஸ்குமார் மெதுவாகத் திரும்பினான். பெட்டிகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியோடு நின்ற தலைவரைப் பார்த்தான்.

"அண்ணே... அன்னிக்கு அவ்வளவு பேரையும் கோயிலுக்குக் கூப்பிட்டது யாரு?"

தலைவர் குனிந்து பெட்டியின் கைப்பிடியைச் சரிசெய்தார். 

விதுஷா கதவைச் சாத்தினாள்.

"பயப்படாதீங்க சதீஸ், ஒங்க அண்ணன் இல்லாட்டி இந்தக் கேசே நிக்காதுன்னு கோர்ட்டுல மறக்காமச் சொல்லிருவேன்."